ஊர்ப் பெயரைக் காப்பாற்றும் விவசாயிகள்... பிரான்ஸ் கிராமங்களில் ஐந்து நாள் வேன் பயணம்!

பிரான்ஸ் என்றதும் பாரிஸும் ஈபிள் கோபுரமும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால், ஐரோப்பிய ஒன்றியத்தில் வேளாண் உற்பத்தி மதிப்பில் முதலிடத்தில் இருக்கும் நாடு அதுதான். அந்த பிரான்ஸைப் பார்க்க வேண்டுமென்றால், நெடுஞ்சாலையை விட்டு இறங்கி கிராமச் சாலையில் போக வேண்டும். போன ஜூலைக் கடைசியில், தெற்கே இருக்கும் துலூஸ் நகரத்திலிருந்து வடகிழக்கே லெ புயி ஊர் வரை, சுமார் 500 கிலோமீட்டர் அப்படித்தான் சுற்றினோம்.

மொத்தம் எட்டுப் பேர். துலூஸில் வேலை பார்க்கும் நண்பர், அவர் மனைவி, அங்கேயே பிறந்து வளர்ந்த அவர்கள் மகள். ஊரிலிருந்து போன நான், என் மனைவி, 74 வயதாகும் என் அப்பா. பக்கத்துத் தோட்டத்துக்காரரும் அவர் மனைவியும். ஒன்பது சீட் வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டோம். நண்பர் வண்டி ஓட்ட, அவர் மகள்தான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர். அப்பா போன இடமெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார். “ஏம்மா, இதுக்கு வெலை யாரு வைக்கிறாங்கன்னு கேளு.” ஐந்து நாளும் அந்தக் கேள்விக்கு ஊருக்கு ஒரு பதில் கிடைத்தது.

கட்டுக்கட்டாகத் தொங்கும் இளஞ்சிவப்புப் பூண்டு

துலூஸை விட்டு வெளியே வந்ததும் இரண்டு பக்கமும் சூரியகாந்தி. இடையிடையே கோதுமை அறுத்த தாள் நிற்கும் வயல்கள். வேலி கிடையாது. ஒவ்வொரு வயலும் நம் ஊர் கணக்குக்கு ஒரு சிற்றூர் அளவு இருக்கிறது. முக்கால் மணி நேரம் தாண்டியதும் குன்றுகள் ஆரம்பிக்கின்றன. அப்படி ஒரு குன்றின் மேல், காற்றாலையோடு உட்கார்ந்திருக்கும் பழைய ஊர்தான் லோத்ரெக். வெள்ளிக்கிழமை அதற்குச் சந்தை நாள்.

சந்தையில் முதலில் கண்ணில் படுவது பூண்டு. மேல்தோல் வெள்ளை, உரித்தால் பல்லின் தோல் இளஞ்சிவப்பு. தாளோடு சேர்த்துக் கட்டி, ‘மனூய்’ என்று சொல்லும் கட்டுகளாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். இந்த ரகத்தில் நடுவில் கெட்டியான பூந்தண்டு வருவதால் ஜடை பின்ன முடியாது. அதனால், அளவு பார்த்து அடுக்கிக் கட்டுகிறார்கள். அறுவடை முடிந்ததும் கொட்டகையில் காயவைத்து, மேல்தோலைக் கையால் உரித்துச் சுத்தம் செய்த பிறகுதான் கட்டு கட்ட வேண்டும் என்பது விதி.

இந்த விதியை அரசாங்கம் மேலிருந்து திணிக்கவில்லை. லோத்ரெக் பூண்டு விவசாயிகள் ஒன்று சேர்ந்து 1966-லேயே ‘சிவப்பு முத்திரை’ என்ற தர அடையாளத்தை வாங்கினார்கள். 1996-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் கிடைத்தது. எந்தக் கிராமங்களில் விளைய வேண்டும், விதைப்பூண்டு எப்படி இருக்க வேண்டும், எப்படிக் காயவைக்க வேண்டும் என்று எல்லாம் எழுத்தில் இருக்கிறது. அதன்படி செய்யாதவர் பூண்டு விற்கலாம். ‘லோத்ரெக் பூண்டு’ என்று சொல்லி விற்கக் கூடாது.

அப்பாவின் கேள்விக்கு இங்கே பதில் சுலபம். கடைக்குப் பின்னால் நிற்பவரே விளைவித்தவர். சிலேட்டில் அவர் எழுதி வைத்ததுதான் விலை. யாரும் பேரம் பேசவில்லை.

அவுரி வீழ்த்திய சாய இலை

லோத்ரெக்கிலிருந்து ஆல்பி போகும் வழியெல்லாம் ஒரு காலத்தில் ‘பாஸ்டெல்’ என்ற செடியை விளைவித்த பூமி. அதன் இலையை அரைத்து, உருண்டை பிடித்து, காயவைத்து, நீலச் சாயம் எடுத்தார்கள். 15, 16-ம் நூற்றாண்டுகளில் துலூஸ் வணிகர்கள் கட்டிய மாளிகைகள் அந்தப் பணத்தில் எழுந்தவை. பிறகு, கடல்வழியாக இந்தியாவிலிருந்து அவுரி நீலம் வந்தது. அதில் சாயம் அதிகம். கொஞ்ச காலத்தில் பாஸ்டெல் விவசாயம் படுத்துவிட்டது.

நண்பர் இதைச் சொன்னதும் அப்பா சிரித்தார். “நம்ம அவுரி வந்து இவங்க வெள்ளாமையக் கெடுத்துருக்கா?” அதே அவுரியை ஜெர்மனியில் கண்டுபிடித்த செயற்கைச் சாயம் 1897-க்குப் பிறகு வீழ்த்தியது என்பது அடுத்த கதை. ஓர் ஊரின் பயிர் என்றைக்கும் அந்த ஊருக்கே சொந்தம் என்று இருந்துவிட முடியாது.

தலைகீழாகத் தொங்கிய ஊர்ப் பலகைகள்

இந்த டார்ன் மாவட்டத்தில்தான் 2023-ம் ஆண்டுக் கடைசியில் விவசாயிகள் ஒரு புதுமையான போராட்டத்தைத் தொடங்கினார்கள். ஊர் எல்லையில் இருக்கும் பெயர்ப் பலகையைக் கழற்றி, தலைகீழாக மாட்டினார்கள். ‘நாம் தலைகீழாக நடந்துகொண்டிருக்கிறோம்’ என்பது அதற்கு அர்த்தம். நாடு முழுக்க அது பரவியது. 2024 ஜனவரியில் டிராக்டர்களைக் கொண்டுவந்து நெடுஞ்சாலைகளை மறித்தார்கள். துலூஸுக்குத் தெற்கே போகும் நெடுஞ்சாலையில்தான் முதல் மறியல்.

காரணம் நமக்குப் புரியாதது அல்ல. டீசல் செலவு, கட்டுப்படியாகாத விலை, வெளிநாட்டிலிருந்து மலிவாக வரும் விளைபொருள், முடிவில்லாத காகித வேலை. 2010-ல் பிரான்ஸில் சுமார் 4,90,000 பண்ணைகள் இருந்தன. 2020 கணக்கெடுப்பில் அது 3,90,000 ஆகிவிட்டது. பத்தே ஆண்டில் ஒரு லட்சம் பண்ணைகள் காணாமல் போயின.

விவசாயியின் உற்பத்திச் செலவிலிருந்துதான் விலைப்பேச்சு தொடங்க வேண்டும் என்று 2018-ல் அங்கே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். சட்டம் இருந்தும், சூப்பர் மார்க்கெட் கம்பெனிகள் கடைசியில் நெருக்கி வாங்குகின்றன என்பதுதான் போராடியவர்களின் புகார். அதனால், அங்கே எல்லாம் செழிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். பெயர் இல்லாத பாலையும் பெயர் இல்லாத கோதுமையையும் விற்பவர்கள் நம்மைப் போலவேதான் தவிக்கிறார்கள்.

சட்டம் காக்கும் ஒரு குகை

ஆல்பியிலிருந்து கிழக்கே இரண்டு மணி நேரம். சாலை வளைந்து ஏற ஏற, வயல் போய் மேய்ச்சல் நிலம் வருகிறது. கொம்பாலு என்ற பாறை மலையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது ரோக்ஃபோர் கிராமம். செம்மறி ஆட்டுப் பாலில் செய்து, நீலப் பூஞ்சணம் ஓடும் சீஸ்தான் இதன் அடையாளம்.

குகைக்குள் நுழைந்ததும் ஸ்வெட்டர் தேட வேண்டியிருக்கிறது. வெளியே 35 டிகிரி வெயில். உள்ளே ஆண்டு முழுக்க 10 டிகிரி அளவில்தான் இருக்கும். பாறையில் இயற்கையாக இருக்கும் வெடிப்புகள் வழியே ஈரக்காற்று வந்துகொண்டே இருக்கிறது. இந்தக் காற்றில்தான் ‘பெனிசிலியம் ரோக்ஃபோர்ட்டி’ என்ற பூஞ்சணம் சீஸுக்குள் பரவும். கம்பு போன்ற ஒரு குளிர்நாட்டுத் தானியமான ரை மாவில் ரொட்டி சுட்டு, அதைக் குகையில் வைத்துப் பூஞ்சணம் பிடிக்கவைத்து எடுப்பது பழைய முறை. நம் வீட்டில் உறைமோர் காப்பதைப் போன்றதுதான்.

இந்தப் பெயரைக் காக்க 1925-ல் பிரான்ஸ் நாடாளுமன்றம் தனிச் சட்டமே போட்டது. நாட்டில் அப்படிச் சட்டப் பாதுகாப்பு பெற்ற முதல் சீஸ் இதுதான். லக்கோன் என்ற உள்ளூர் இன ஆட்டின் பால்தான் வேண்டும். காய்ச்சாத பச்சைப் பால் வேண்டும். தீவனத்தில் முக்கால் பங்காவது அந்த வட்டாரத்திலேயே விளைந்திருக்க வேண்டும். எங்கே செய்தாலும், இந்தக் கிராமத்துக் குகையில் வைத்துத்தான் பதப்படுத்த வேண்டும்.

அப்பாவின் கேள்விக்கு இங்கே வேறு பதில். ஆடு வளர்ப்பவர் பாலைக் கொடுப்பதோடு சரி. சீஸ் செய்வது சில நிறுவனங்கள். அதில் பெரியது ஒரு பன்னாட்டுப் பால் கம்பெனியின் கையில் இருக்கிறது. ஆடு வளர்ப்போர் சங்கமும் நிறுவனங்களும் உட்கார்ந்து பேசித்தான் பால் விலை முடிவாகும். பெயர் ஊருக்குச் சொந்தம். ஆலை வேறு ஒருவருக்குச் சொந்தம். அதனால் சங்கம் பலமாக இல்லாவிட்டால், பெயரால் வரும் லாபம் ஆட்டுக்காரரின் வீடு வரை போய்ச் சேராது.

நிலத்தை விற்க மறுத்த 103 பேர்

ரோக்ஃபோருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது லார்சாக் பீடபூமி. சுண்ணாம்புப் பாறை, கட்டைப் புல், காற்று. மேலோட்டமாகப் பார்த்தால் ‘இது என்ன தரிசு’ என்று தோன்றும். 1971-ல் பிரான்ஸ் ராணுவ அமைச்சகமும் அப்படித்தான் நினைத்தது. 3,000 ஹெக்டேராக இருந்த ராணுவப் பயிற்சி முகாமை 17,000 ஹெக்டேராக விரிவாக்கப் போவதாக அறிவித்தது. ரோக்ஃபோருக்குப் பால் கொடுக்கும் ஆட்டுப் பண்ணைகள் பல அந்த எல்லைக்குள் வந்தன.

1972 மார்ச்சில் லான்சா தெல் வாஸ்தோ என்பவர் இங்கே 15 நாள் உண்ணாவிரதம் இருந்தார். வார்தாவில் மகாத்மா காந்தியுடன் தங்கி, அவருடைய சீடரானவர். காந்தி இவருக்கு வைத்த பெயர் ‘சாந்திதாஸ்’. அந்த உண்ணாவிரதத்தின்போது 103 விவசாயிகள், ‘எங்கள் நிலத்தை விற்க மாட்டோம்’ என்று கையெழுத்துப் போட்டார்கள். பிறகு ஈபிள் கோபுரத்தின் கீழே ஆடுகளைக் கொண்டுபோய் மேயவிட்டார்கள். டிராக்டரில் பாரிஸுக்குப் போனார்கள், நடந்தும் போனார்கள். அனுமதி கொடுக்க மறுத்த இடத்தில், லா பிளாக்கியேர் என்ற சிற்றூரில், ஊர் கூடிக் கல்லால் ஒரு பெரிய ஆட்டுக் கொட்டகையைக் கட்டினார்கள். அது இன்றும் நிற்கிறது. பத்து ஆண்டுகள் கழித்து, 1981-ல் அதிபரான மித்தெரான் திட்டத்தைக் கைவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். ராணுவம் ஏற்கெனவே வாங்கியிருந்த சுமார் 6,300 ஹெக்டேர் நிலத்தை, 1985-ல் விவசாயிகளே நடத்தும் ஓர் அமைப்புக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விட்டது அரசு. அங்கே விவசாயம் செய்கிறவருக்குத்தான் நிலம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால், அடுத்த இளம் விவசாயிக்குக் கைமாறும். விற்கவும் முடியாது, ரியல் எஸ்டேட்காரர் நுழையவும் முடியாது.

அந்தக் கொட்டகைச் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டு அப்பா ரொம்ப நேரம் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை.

தன் பெயரையே இழந்த ஊர்

லார்சாக்கிலிருந்து வடக்கே போனால், மிய்யோ நகரத்துக்கு மேலே வானத்தில் போகும் பாலம். 2004-ல் திறந்த இதன் உயரம் 343 மீட்டர். நீளம் 2,460 மீட்டர். பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டுதான் கடக்க முடியும். பாலம் தாண்டி ஓப்ராக் மலைப்பகுதிக்கு ஏறினோம். எங்கு பார்த்தாலும் புல். கண்ணுக்கு மை தீட்டியது போன்ற மஞ்சள்பழுப்பு மாடுகள். மே 25-ஐ ஒட்டிப் பூவும் மணியும் கட்டி மேலே ஓட்டிவரும் இந்த மாடுகள், அக்டோபரில்தான் கீழே இறங்கும். எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் கறவை மாடு வைத்திருப்பவர். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார்.

இங்கே இருக்கும் ஊரின் பெயர் லயோல். இந்தப் பெயரில் இரண்டு பொருள்கள் உலகப் புகழ் பெற்றவை. ஒன்று சீஸ், இன்னொன்று மடக்குக் கத்தி. இரண்டின் கதையும் வேறு வேறு.

மலைக் கொட்டகைகளில் சீஸ் செய்பவர்கள் ஒவ்வொருவராகக் கைவிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், 1960-ல் இளம் விவசாயிகள் சேர்ந்து ‘ழேன் மோன்தாஞ்’, அதாவது ‘இளைய மலை’ என்ற கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1961-ல் லயோல் சீஸுக்குச் சட்டப் பாதுகாப்பும் வாங்கினார்கள். பிறகு, தங்களுக்குத் தாங்களே கடுமையான விதிகளைப் போட்டுக்கொண்டார்கள். ஹோல்ஸ்டீன் மாடு கூடாது. ஓப்ராக், சிம்மெந்தால் இனங்கள் மட்டும்தான். சைலேஜ் கூடாது, பச்சைப்புல்லும் காய்ந்த புல்லும்தான். ஒரு மாட்டுக்கு ஆண்டுக்கு சராசரி 6,000 லிட்டருக்கு மேல் பால் போகக் கூடாது.

பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு இதை நம்பவே முடியவில்லை. “லிட்டரை ஏத்தறதுக்குத்தானே நாம ராத்திரி பகலா ஓடுறோம்? பாலைக் குறைன்னு சொன்னா கடனை எப்படிக் கட்டறது?” என்றார். பதில் சங்கத்தின் கடையிலேயே இருந்தது. பாலாக விற்காமல் சீஸாக விற்கிறார்கள். இளம் சீஸை உருளைக்கிழங்கோடு சேர்த்துக் கிண்டும் ‘அலிகோ’ என்ற களியாகவும் விற்கிறார்கள். கரண்டியில் தூக்கினால் ஒரு முழத்துக்கு இழுபடும். பூண்டு வாசனையோடு அதைச் சாப்பிட்டபோது வேனில் இருந்த எட்டுப் பேருக்கும் ஒருமித்த கருத்து வந்தது அதுதான் முதல் தடவை. ஆலையும் அவர்களுடையது, கடையும் அவர்களுடையது என்பதால் சாதாரணப் பாலைவிடக் கூடுதல் விலை உறுப்பினர்களுக்குக் கிடைக்கிறது. அப்பாவின் கேள்விக்குக் கிடைத்ததிலேயே நல்ல பதில் இதுதான்.

இனி கத்தி. 19-ம் நூற்றாண்டிலிருந்து இந்த ஊரில் கத்தி செய்கிறார்கள். ஆனால், அந்தப் பெயரை யாரும் பதிந்து வைக்கவில்லை. 1993-ல் ஊருக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் ‘லயோல்’ என்பதைப் பல பொருள்களுக்குத் தன் வணிக முத்திரையாகப் பதிவுசெய்துகொண்டார். வெளிநாட்டில் செய்த மலிவுக் கத்திகளும் அந்தப் பெயரில் வந்தன. உள்ளூர்க்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயரைப் போட்டு விற்கவே வழக்கு நடத்த வேண்டியதாயிற்று. ‘பெயரே எங்களுடையது இல்லை என்றால் பலகை எதற்கு?’ என்று 2012-ல் மேயர் தலைமையில் ஊர்ப் பலகையைக் கழற்றினார்கள். பல ஆண்டுகள் இழுத்த வழக்கில், 2019-ல்தான் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பதிவுகளில் பெரும்பாலானவற்றை ரத்து செய்தது.

ஒரே ஊர், ஒரே பெயர். 1961-ல் பதிந்து வைத்த சீஸ் பிழைத்தது. பதியாத கத்தி நீதிமன்றப் படிக்கட்டில் கிடந்தது.

உரமும் தண்ணீரும் இல்லாத பருப்பு

கடைசி நாள் லெ புயி. எரிமலை கக்கிய பாறை ஊசிகளின் மேல் கோயிலும் சிலையும் நிற்கும் ஊர். இதைச் சுற்றியுள்ள எரிமலை மண்ணில் விளைவதுதான் பச்சைப் பருப்பு. நம் மைசூர் பருப்பின் பங்காளி. தோல் கரும்பச்சை நிறத்தில், நீலப் புள்ளிகளோடு இருக்கும். 1996-ல் சட்டப் பாதுகாப்பு பெற்றது. மார்ச்சில் விதைத்து, ஜூலைக் கடைசியில் தொடங்கி அறுவடை. நாங்கள் போனபோது அறுவடை இயந்திரங்கள் வயலில் ஓடிக்கொண்டிருந்தன.

விதிப்படி உரம் போடக் கூடாது, பாசனம் செய்யக் கூடாது. முழுக்க மானாவாரி. மேற்கே இருக்கும் மலைகள் மழையைத் தடுத்துவிட, காய் முற்றும் சமயத்தில் வறண்ட காற்று வீசுகிறது. அதனால் தோல் மெலிதாக, மாவு குறைவாக அமைகிறது. ஊறவைக்க வேண்டியதில்லை, 25 நிமிடத்தில் குழையாமல் வெந்துவிடும். மகசூல் குறைவு, மழை தவறினால் அதுவும் போகும். அப்படியும் விடாமல் விதைப்பது பெயருக்குக் கிடைக்கும் விலையை நம்பித்தான். மானாவாரிப் பயிர் என்றால் மலிவு என்று பழகிப்போன நமக்கு, அந்தக் கடையில் பருப்பை சின்னத் துணிப்பையில் போட்டு மரியாதையாக அடுக்கி வைத்திருந்ததே பாடம்தான்.

நம் பெயர்கள் யார் கையில்?

நம்மிடமும் சட்டம் இருக்கிறது. 1999-ல் இயற்றி, 2003-ல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டம். அதற்கான பதிவகம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. சிறுமலை வாழை, மதுரை மல்லி, ஈரோடு மஞ்சள், கொடைக்கானல் மலைப்பூண்டு என்று பட்டியலும் நீள்கிறது. குறியீடு கிடைத்த அன்று செய்தித்தாளில் படம் வருகிறது. அதற்குப் பிறகு?

பிரான்ஸில் பார்த்ததில் மூன்று விஷயங்கள் நம் சங்கங்களில் பேச வேண்டியவை. முதலாவது, பெயரோடு விதி இருக்க வேண்டும். எந்த ரகம், எந்த ஊர், எப்படிக் காயவைப்பது என்பதை விளைவிப்பவர்களே எழுதி, மீறுகிறவரைத் தடுக்க வேண்டும். இரண்டாவது, நம் சட்டப்படி குறியீடு வாங்கிய சங்கம் மட்டுமல்ல, விளைவிக்கும் ஒவ்வொருவரும் ‘அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளர்’ என்று பதிந்துகொள்ள முடியும். அப்படிப் பதிந்தவர்தான் அந்தப் பெயரைச் சட்டப்படி மூட்டையில் அச்சிடலாம். உங்கள் விளைபொருளுக்குக் குறியீடு இருந்தால் முதலில் இதைச் செய்யுங்கள். பத்து ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதையும் சங்கம் மறக்கக் கூடாது. மூன்றாவது, பதப்படுத்துவதும் விற்பதும் விவசாயிகளின் உற்பத்தியாளர் நிறுவனத்தின் கையில் இருக்க வேண்டும். ரோக்ஃபோருக்கும் லயோலுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

இந்த மூன்றும் இல்லாமல் குறியீடு மட்டும் இருந்தால், அது சுவரில் மாட்டிய சான்றிதழ். பெயரை வைத்து வியாபாரம் செய்பவர் வேறு யாராகவோ இருப்பார்.

போக நினைப்பவர்கள் கவனத்துக்கு...

* பிரான்ஸுக்கு ஷெங்கன் விசா வேண்டும். வண்டி ஓட்டுபவர், ஆர்.டி.ஓ அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும். அங்கே சாலையின் வலதுபக்கம்தான் ஓட்ட வேண்டும்.

* ஊருக்குள் வேகம் 50 கிலோமீட்டர்தான். பலகை எதுவும் இல்லாத சந்திப்பில், வலதுபக்கச் சாலையிலிருந்து வருபவருக்கே முன்னுரிமை.

* கிராமத்துக் கடைகள் மதியம் மூடிவிடும். ஞாயிறு மதியத்துக்கு மேல் எதுவும் கிடைக்காது. அரிசி, பருப்பு, ஊறுகாய் வண்டியில் இருப்பது நல்லது.

* ‘ழீத்’ என்ற கிராமத்து வீடுகள் சமையலறையோடு வாடகைக்குக் கிடைக்கும். குடும்பமாகப் போனால் ஓட்டலைவிட இதுதான் வசதி. ‘பியான்வெனு அ லா ஃபெர்ம்’ (‘பண்ணைக்கு வருக’) என்ற பலகை போட்ட பண்ணைகளில் நேரடியாக வாங்கலாம். சிலவற்றில் தங்கவும் செய்யலாம்.

* பூண்டு, பருப்பை விதைக்காக எடுத்துவர ஆசை வரும். இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் கொண்டுவரக் கூடாது. புது நோயும் பூச்சியும் அப்படித்தான் வந்து சேர்கின்றன.